"லைன் போட்டுது" என்று நான் சொன்ன செத்தவீடு

இது நடந்தது போன வருடம் மாசி மாதம், பருத்தித்துறையில் இருந்து உள்ளே போகும் ஓர் ஊரில், ஒரு செத்தவீட்டு முற்றத்தில். பந்தலின் ஓரத்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு இருந்த ஆள் நான்.

செத்தவீட்டில் மடிக்கணினிக்கு என்ன வேலை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எந்த வீட்டை எடுத்தாலும் பிள்ளைகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். ஐயருக்குச் சொல்லும்போதே வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுவார்கள். நான் கோப்பாயில் உள்ள ஒரு வீடியோ கடையில் வேலை செய்தேன். செத்தவீட்டில் கமராவை வைத்து, படத்தை எங்கள் கடைச் சேர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு விடுவது எங்கள் வேலை. கமராவும் நான்தான், சேர்வரும் நான்தான்.

நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஒரு முகாமில் பாதியில் நின்றது. பிறகு வவுனியாவில் போன் திருத்தும் கடை, கொழும்பில் கமரா பூட்டும் வேலை, கட்டாரில் சுவருக்குள் கேபிள் இழுக்கும் வேலை. ஓரிடத்தில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. கட்டாரில் கூட இருந்த ஒரு மலையாளி சேர்வர் வேலையைக் காட்டித் தந்தார். மிச்சமெல்லாம் பிழைவிட்டுப் பழகியது.

கடையில் இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி. அதற்குள் வேறு வேறு கணினிகள் போல இயங்கும் மூன்றை நான் அமைத்து வைத்திருந்தேன். ஒன்று நேரலைக்கு, ஒன்று படங்களைச் சேமிக்க, மற்றது கடைக் கணக்குக்கு. வி.எம். என்று சொல்வோம். இந்த மூன்றுக்கும் வெளியே போய்வர ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். வீதியில் இருந்து வரும் ஒரே ஒழுங்கையில், ஒரு சின்னச் சந்தில், மூன்று வீட்டுக்காரரும் போய்வருவதைப்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கை அடைபட்டால் மூன்று வீடும் அடைபடும். அந்தப் பெரிய கணினிக்குள் தூரத்தில் இருந்து நுழைகிற நானும் அதே ஒழுங்கையால்தான் போகவேண்டும்.

இறந்தவ எழுபது தாண்டிய ஓர் அம்மா. பக்கத்தில் இருந்து பார்த்தது மூத்த மகள். கடைசி மகன் பிரான்சில். அவருக்கு இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியது கடைசி மகன். அவர் வர ஏலாததால் தாயின் தம்பியின் மகன் கொள்ளி வைப்பதாக முடிவாகியிருந்தது. மகன் கேட்டது ஒன்றுதான். பெட்டியை மூடமுதல் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும், அக்கா வாய்க்கரிசி போடும்போது தானும் கூட நிற்கவேண்டும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் போன் சிக்னல் சரியில்லை. கதைக்கலாம், அதுவும் விட்டு விட்டு. படம் வராது. அதனால் நாங்கள் உயரமான இரும்புத் தடி ஒன்றைக் கொண்டுபோய் வேலியோடு கட்டி, அதன் உச்சியில் அன்ரனா பூட்டி, பிரதான வீதிப் பக்கத்துக் கோபுரத்தில் இருந்து இணைப்பை இழுத்துவிடுவோம். அந்த வைஃபை பாஸ்வேர்டை ஒருவருக்கும் கொடுப்பதில்லை. செத்தவீட்டுக்கு வந்த எல்லாரும் அதில் தொங்கினால் நேரலை நின்றுவிடும்.

மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கிரியையில் சுண்ணம் இடிக்கத் தொடங்கும் நேரம் அந்த மூத்த மகள், அக்கா, என்னிடம் வந்தா.

"தம்பி, படம் நிண்டு நிண்டு வருதாம். அவன் சொல்லுறான்."

பார்த்தேன். கடைக் கணினியில் இருந்து ஒரு கலியாண வீட்டின் பெரிய வீடியோ தானாக வெளியே ஏறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் கடையில் இரண்டாவது இணைப்பு ஒன்று புதிதாக எடுத்திருந்தோம், அதை நான் இன்னும் பாவிக்கவில்லை. புதுப் பிரிட்ஜ் ஒன்று கட்டி, நேரலை வி.எம்.மை அந்த இரண்டாவது இணைப்புக்கு மாற்றிவிட்டால் இனிமேல் எப்போதும் இந்தப் பிரச்சினை வராது என்று நினைத்தேன். கை சும்மா இருக்காது எனக்கு. அதுதான் என் வியாதி.

தூரத்தில் இருந்துகொண்டு ஒரு சேர்வரின் பாதையை மாற்றக்கூடாது, திரைக்கு முன்னால் ஓராள் இருக்கவேண்டும் என்பது அந்த மலையாளி எனக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம். நுனிமரத்தில் இருந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை அது. தெரிந்துகொண்டே செய்தேன். புதுப் பிரிட்ஜில் இரண்டாவது இணைப்பின் பெயரை அடிக்கவேண்டிய இடத்தில் முதலாவதின் பெயரை அடித்துவிட்டேன். என்ரர் விசையைத் தட்டியதும் திரை அப்படியே நின்றது. பழைய ஒழுங்கையின் வாசலை நானே பிடுங்கி, ஒருவரும் போகாத இன்னொரு ஒழுங்கையில் வைத்துவிட்டேன். நேரலை செத்தது. நான் உள்ளே போகும் வழியும் செத்தது.

அக்கா திரும்பி வந்தா. "தம்பி, இப்ப ஒண்டுமே தெரியேல்லையாம்."

அந்த இடத்தில் நான் சொன்னது இதுதான். "லைன் போட்டுது அக்கா. பத்து நிமிசம்."

இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் சொல்வதுதான். இணைப்பு போய்விட்டது, லைன் போட்டுது என்றால் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். மழை பெய்தது, கரண்ட் போனது மாதிரி, அது ஒருவரின் பிழையும் இல்லை. பழக்கத்தில் வாயில் வந்தது. ஆனால் லைன் போகவில்லை. தடியின் அடியில் இருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

கடை பூட்டியிருந்தது. முதலாளிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொல்லி, சாவி எங்கே என்று கேட்டேன். அவர் கிளிநொச்சியில் ஒரு கலியாணத்தில் நின்றார்.

"திறப்பு என்னட்டையடா. நீ ஏன் இப்ப போய் அதிலை கை வைச்சனி?"

"படம் நிண்டு வந்தது அண்ணை."

"நிண்டு வந்தாலும் வந்ததுதானே. இப்ப வருதோ?"

போனை வைத்தேன். பிறகு இன்னொரு யோசனை வந்தது. நான் செய்த மாற்றத்தைச் சேமிக்கவில்லை. சேர்வர் ஒருமுறை நின்று திரும்ப எழும்பினால் பழையபடி வந்துவிடும். கடைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. இரண்டுக்கும் மெயின் சுவிச் வெளிச்சுவரில் ஒன்றாக இருந்தது. பேக்கரி அண்ணைக்கு எடுத்து, அதை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்ப எடுத்தார்.

"நிப்பாட்டிப்போட்டன் தம்பி. என்ரை பாண் சுடுற போறணைப் பக்கமும் இருட்டு. ஆனா உங்கடை கடைக்குள்ளை ஏதோ கீக் கீக் எண்டு கத்துது."

கத்தியது பற்றரி. கரண்ட் போனாலும் சேர்வர் நிற்கக்கூடாது என்று, நான்தான் முதலாளியிடம் சண்டை பிடித்து அதை வாங்குவித்துப் பூட்டினேன். நல்ல சாமான். அது முடியும்வரை சேர்வர் நிற்காது.

அதற்குள் ஐயர் கிரியையை முடித்துவிட்டார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து முடிந்தது. பறை அடிப்பவர்கள் வாசல் படலைக்கு வெளியே ஆயத்தமாக நின்றார்கள். இறந்தவவின் தம்பி, அந்த வீட்டு மாமா, என்னிடம் வந்து மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முந்தி தந்தி கிடைச்சு ஆக்கள் வருமட்டும் பிரேதத்தை வைச்சிருந்தம். இப்ப இன்ரநெற் வருமட்டும் வைச்சிருக்கிறம். எப்ப வருமாம் அது?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பத்து நிமிசம் ஐயா" என்றேன்.

அந்தப் பத்து நிமிசத்தை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர்கள் நம்பிக் காத்திருந்தார்கள். அக்கா ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டா. நான் அதை வாங்கிக் குடித்தேன்.

கடைசியில் மாமா உரத்துச் சொன்னார். "காத்துக்கொண்டிருந்தது காணும் பிள்ளை. பொழுது படமுதல் போகவேணும். சுடலையிலை விறகு அடுக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

அக்கா தலையாட்டினா. பிறகு தன் போனில் தம்பிக்கு எடுத்தா. வெறும் குரல்தான். போனைக் காதில் வைத்தபடி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றா. கமரா அவவுக்கு நேரே நின்றதால் அவ கதைத்தது எல்லாம் என் காதுக் கருவியில் விழுந்தது. அதைக் கழற்றி வைத்திருக்கலாம். கழற்றவில்லை.

"லைன் போட்டுதாமடா. நான் சொல்லுறன், நீ கேள். பச்சைச் சீலை. நீ அனுப்பினதுதான். ஓம், அந்தக் கரை வைச்சது. முகம் கொஞ்சம் வீங்கியிருக்கு. சிரிக்கிற மாதிரி எண்டு பொய் சொல்ல மாட்டன், நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கு. ஹலோ? கேக்குதோ? ஹலோ?"

தொடர்பு வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தா. திரும்பவும் முதலில் இருந்து சொன்னா. பச்சைச் சீலை, நீ அனுப்பினது. இன்னொரு முறையும் வெட்டுப்பட்டது. இன்னொரு முறையும் பச்சைச் சீலையில் இருந்து தொடங்கினா. சுற்றி நின்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அவ அழவில்லை. அவவுக்கு நேரம் இல்லை.

பிறகு அரிசியை எடுத்தா.

"இது என்ரை" என்றா. இன்னொரு கை எடுத்தா. "இது உன்ரை. போடுறன். போட்டுட்டன்."

பெட்டியை மூடினார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கால் திரும்பித் தேய்ந்துபோனது. எங்கள் ஆக்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலையைத் தாண்டியதும் அவர்கள் வாளியோடு வந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நான் கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன். என் மனதில் இருந்தது கடையின் திறப்பும் பற்றரியும்தான். வேறொன்றும் இருக்கவில்லை.

ஈரக் கையோடு அக்கா வந்தா.

"தம்பி, உந்தத் தடியிலை கட்டினது இப்ப வேலை செய்யுதோ? அவன் திரும்ப எடுக்கிறான், குரல் வெட்டுது. அதின்ரை பாஸ்வேர்டைத் தந்தியளெண்டால் கொஞ்சம் கதைக்கலாம்."

நான் யோசிக்காமலே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கடைசி இலக்கம் வாயில் இருந்து விழுந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவ அழுத்தினா. உடனே படம் வந்தது. தெளிவான படம். ஒரு சின்ன அறை, சுவரில் தொங்கும் குளிர்ச்சட்டை, தாடி வளர்ந்த ஒரு மனிசன்.

தடியில் இருந்த இணைப்பு ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. செத்தது கோப்பாய்ச் சேர்வர். பிரான்சுக்கு முகத்தைக் காட்டச் சேர்வரே தேவையில்லை. ஒரு போனும் அந்தப் பாஸ்வேர்டும் போதும். அங்கே நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் லைன் போட்டுது என்று நான் சொல்லியிருந்தேன். இல்லாத லைனில் யார் போனைத் தொடுப்பார்கள்? என் தகப்பன் செத்தபோது நான் கட்டாரில். அவரின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது, கூட வேலை செய்த ஒருவனின் திரை வெடித்த போனில்தான். போன் போதும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவ்வளவு நேரமும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்தப் பிரிட்ஜ் மட்டும்தான். என் பிழையை நானே திருத்தவேண்டும், ஒருவருக்கும் தெரியமுதல் திருத்தவேண்டும் என்பதுதான்.

"அக்கா, வீடு ஏன் ஈரமாக் கிடக்கு?" என்று அந்த மனிசன் போனுக்குள் இருந்து கேட்டார்.

"கழுவிப்போட்டம்" என்றா அக்கா.

அவர் அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவ போனைத் திருப்பிப் பிடித்தா. ஈரச் சீமெந்து நிலம். ஒரு பூவிதழ் தண்ணீரோடு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதையும் அவ காட்டினா.

பிறகு போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"இது அப்பவும் இருந்ததோ தம்பி?"

"ஓம் அக்கா. லைன் போகேல்லை. நான்தான் சேர்வரைப் பிழைப்படுத்திப்போட்டன்."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவ தலையை ஆட்டினா, திரும்பி உள்ளே போனா, அவருக்கு அறை அறையாக வீட்டைக் காட்டிக்கொண்டு போனா.

பொழுதுபட முதலாளி வந்து கடையைத் திறந்தார். திரைக்கு முன்னால் இருந்து ஒரு பெயரை மாற்றினேன், சேர்வர் எழும்பியது. அவ்வளவுதான் வேலை. கமராவுக்குள் பதிவாகியிருந்ததை அடுத்த நாள் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி அதைத் திறக்கவே இல்லை என்று பிறகு ஒருநாள் சந்தையில் கண்டபோது அக்கா சொன்னா. "எல்லாம் முடிஞ்சாப்பிறகு பாக்க அது என்ன கலியாண வீடியோவே எண்டு கேக்கிறான்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னா.

நான் இப்போது அந்தக் கடையில் இல்லை. வேறோர் இடத்தில் இதே வேலைதான் செய்கிறேன். ஏதாவது பழுதாகி, என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அந்தப் பழைய சொல் இப்போதும் முதலில் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. அதோடு அந்த ஈர நிலமும் வந்துவிடுவதால், "என்ரை பிழை, எனக்கு இன்னும் விளங்கேல்லை, உங்களிட்டை வேறை வழி இருந்தாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் மடிக்கணினியைத் திறக்கிறேன்.