நிறைசினைப் பன்றியோடு பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம்

ஜெயங்கொண்டத்தில் எங்கள் கொட்டகையில் தாய்ப் பன்றி இல்லாமலிருந்தது. இரண்டு மாதம் தேடி, போன வைகாசியில் பெரம்பலூர் பக்கம் ஒன்று கிடைத்தது. குட்டி போட எட்டே நாள். அறுபத்தைந்து கிலோமீட்டர், அதுவும் அந்த வெயிலில். வம்பு என்று தெரிந்தேதான் போனேன்.

காலை ஐந்து மணிக்கு ஏற்றுவதாகப் பேச்சு. போய்ப் பார்த்தால், பண்ணைக்கார அக்கா பன்றிக்கு மக்காச்சோள மாவைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பட்டினியாவா அனுப்புவாங்க? வூட்டுப் பொண்ணு மாதிரி வளர்த்தேன் தம்பி."

ஏற்றும் முன் தீனி ஆகாது; ஆனாலும் தடுக்கவில்லை. எனக்கும் ஆறு இட்லி வைத்தார். அந்தச் சட்னியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கதை பேசிக் கிளம்பும்போது மணி ஒன்பதரை. வண்டி வாடகை 2,800 ரூபாய்.

அரியலூர் வரை தொல்லையில்லை. ரெட்டிபாளையம் அருகே சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மணி பதினொன்று. பின்னால் பன்றி வாயைத் திறந்து இரைத்தது. பன்றிக்கு நம்மைப்போல் வியர்க்காது. தின்றது செரிக்கும்போது உடம்புக்குள்ளும் சூடு ஏறும். வெளியே வெயில், உள்ளே மக்காச்சோளம், நடுவில் குட்டிகள்.

டிரைவர் செல்வம் இறங்கிப் பார்த்தார். "அண்ணே, நொரை தள்ளுது. போயிடுமா?"

முன்னால் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, பிரசவத்துக்கா?"

"ஆமாங்க. தண்ணி இருக்கா?"

சிரிப்பு நின்றது. இரண்டு கேன்களை இறக்கினார். செல்வம் தலையில் கொட்டப் போனார்.

"தலையில வேணாம்ப்பா! அதிர்ச்சியில போயிடும். வயித்துல, காலுல ஊத்து," என்று தடுத்தேன்.

லாரிக்காரர் தார்ப்பாயைப் பிடித்து நிழல் கொடுத்தார். நான் சாக்கால் விசிறினேன். கை மரத்துப் போயிற்று. பன்றியின் கண் பாதி மூடியே கிடந்தது. பதினொன்றே முக்காலுக்கு செல்வம் கத்தினார்: "காது ஆடுதுண்ணே!"

ஒன்றேகாலுக்கு ஜெயங்கொண்டம். எட்டாம் நாள் ஒன்பது குட்டி, ஏழு தங்கின. வெயிலில் தாய் தீனியைக் குறைத்தது, பாலும் குறைந்தது. கொஞ்சம் தின்றாலும் தெம்பு சேரட்டும் என்று கடலை எண்ணெய் கலந்து, விடிகாலையிலும் அந்தியிலும் வைத்தோம். குட்டிகள் தேறின. ஆனாலும் அதே தாய் பிறகு மார்கழியில் போட்ட குட்டிகளின் எடையை எட்ட இவற்றுக்கு ஒரு மாதம் கூடுதலாயிற்று.

ஏற்றப் போகிறவர்களுக்கு: முந்தின மாலையோடு தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஐந்தரைக்குள் கிளம்புங்கள். நான்கு கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைசினையில் ஏற்றாமலிருப்பது இன்னும் நல்லது. ஆவணியில் இணை சேர்த்தால் மார்கழியில் குட்டி. வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பன்றியை இறக்கிய அன்று சாயங்காலமே பண்ணைக்கார அக்கா போன் செய்தார். "பொண்ணுக்கு வழியில பசிச்சிருக்குமே தம்பி?"

"இல்லக்கா," என்றேன். "பசிக்கவே இல்ல."