ரோம், வியன்னா, ப்ராக்: ட்வின் ஷேரிங்

அன்று மாலை அலுவலகத்தில் இருந்தவர்கள்:

ஆனந்தராஜ். டிராவல்ஸ் முதலாளி. 6:45 வரை.
செங்கமலம் டீச்சர். 7:40 வரை.
நான். கடைசி வரை.

வேறு யாரும் இல்லை. போனில் ஒருவர் இருந்தார். அவரை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கும் அவசியம் எனக்கில்லை. கால் ஹிஸ்டரி இருக்கிறது. மூன்று போட்டோக்கள் இருக்கின்றன. நேரங்களை அதிலிருந்துதான் எடுத்து எழுதுகிறேன்.

சென்னையில் பதினான்கு மாதம் நைட் ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்காக்காரனின் இன்சூரன்ஸ் பில்லைத் தட்டும் வேலை. ஒரு நாள் விடிகாலை 3:20க்கு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். திரும்பப் போகவில்லை. இருட்டுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

புதுக்கோட்டைக்கு வந்து ஆனந்தராஜ் அண்ணனிடம் சேர்ந்தேன். கீழ ராஜ வீதியில் மாடியில் ஓர் அறை. எனக்குக் கொடுத்த முதல் வேலையே ஐரோப்பா டூர். எட்டுப் பேர், ஏழு இரவு. ரோம், ஃப்ளோரன்ஸ், வியன்னா, ப்ராக்.

அந்த மூன்று மாதத்தில் நான் பட்ட எரிச்சலை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். திட்டத்தைப் பதினோரு முறை மாற்றினோம். ஒரு தம்பதிக்கு ஃப்ளோரன்ஸ் வேண்டாம். இன்னொரு தம்பதிக்கு ரோமில் இரண்டு நாள் கூட வேண்டும். மூன்றாவது தம்பதி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு ராத்திரி போன் செய்து எல்லாவற்றையும் மாற்றுவார்கள். எட்டுப் பேரும் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான். "தம்பி, பாத்ரூம்ல தண்ணி இருக்கும்ல? மக்கு கொண்டு போகணுமா?"

மூன்று தம்பதிகள் போக, தனியாக வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் செங்கமலம் டீச்சர். வல்லத்திராக்கோட்டை பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாலையீட்டில் தனி வீடு.

"முப்பத்தோரு வருசம் ரோமாபுரிய சாக்பீஸ்ல வரைஞ்சவ நான். ஒரு தடவையாச்சும் அந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கணும்" என்பார். ப்ராக் நகரத்தில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். அதை மட்டும் யார் சொன்னாலும் நீக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

விசா ஃபாரத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்பார்கள். "என் தம்பி சென்னைல இருக்கான். பேச்சுவார்த்தை இல்ல. உங்க நம்பரையே போட்டுக்கங்க" என்றார். போட்டேன்.

இன்னொருவர் உண்ணாமலை அம்மா. அன்னவாசல். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஒரே அறை. எங்கள் தொழிலில் இதை ட்வின் ஷேரிங் என்போம். உண்ணாமலை அம்மா வராவிட்டால் டீச்சர் தனி அறை எடுக்க வேண்டும். அது அவரால் முடியாது. அவர் போகவே முடியாது.

ஆனந்தராஜ் அண்ணனுக்கு வேறு கவலை. "எட்டு இல்லன்னா குரூப் ரேட் இல்ல. குரூப் ரேட் இல்லன்னா நீ இல்ல. நைட்டு வேலைய விட்டுட்டு ஓடியாந்த. பகல் வேலையாச்சும் ஒழுங்காப் பாரு."

எட்டில் ஏழு ஃபைல் தயார். உண்ணாமலை அம்மாவுடையதுதான் இழுத்தது.

முதலில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். தயிர் கிடைக்குமா, குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர், மக்கு. கடைசி மூன்று வாரமாக அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிரைப் பற்றி இல்லை. கேட்டதெல்லாம் வேறு.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்தானே தம்பி?"

"ஆமாம்மா."

"கட்டில் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும்மா."

"சேத்துப் போட்டுக்கலாம்ல?"

இன்னொரு நாள்: "அவங்க கண்டிப்பா வருவாங்கல்ல? மாற மாட்டாங்கல்ல?"

பேசும்போது பின்னால் ஒரு சத்தம் இருக்கும். பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம். ர்ர்ர்ர்... இரைச்சலில் பாதி வார்த்தை எனக்குக் கேட்காது. எரிச்சலாக வரும்.

போட்டோதான் பெரிய தலைவலி. விசாவுக்குப் புதிய போட்டோ வேண்டும். வெள்ளைப் பின்னணி. கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும்.

வியாழன், மாலை 5:52. முதல் போட்டோ வந்தது. கண் மூடியிருந்தது. தாடைக்கு அடியிலிருந்து தலை உச்சி வரை வெள்ளைத் துணிக் கட்டு. நெற்றியில் பெரிய பொட்டு, பளபளவென்று. பின்னணி மட்டும் சுத்த வெள்ளை.

போன் செய்தேன். "அம்மா, கண்ணு தொறந்திருக்கணும். தலையில துணி கட்டக் கூடாது. பல்லு வலியா?"

ர்ர்ர்ர்...

"அவுத்தா வாய் தொறந்துக்குதே தம்பி."

"மூடிக்கிட்டு எடுங்கம்மா."

"மூட மாட்டேங்குது..."

வெள்ளி, 11:14. இரண்டாவது போட்டோ. கட்டு இல்லை. வாய் திறந்திருந்தது. மதியம் 3:40. மூன்றாவது. வாய் இன்னும் பெரிதாகத் திறந்திருந்தது. கண் பாதி திறந்து மேலே பார்த்தது. மூன்றும் தானே கை நீட்டி எடுத்தவை. ஓரத்தில் தோள் தெரிந்தது.

பல் பிடுங்கியிருப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் நான் தெருவிலேயே நின்று திரும்புகிற ஆள். கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை. மறுநாள் ராத்திரி ரயிலில் எட்டுப் பேரும் சென்னை போக வேண்டும். திங்கள் காலை விசா மையத்தில் கைரேகை. உண்ணாமலை அம்மா மாலை ஆறு மணிக்கு பாஸ்போர்ட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார். டீச்சர் ஐந்தரைக்கே வந்துவிட்டார். அறைத் துணையை முதல்முறையாகப் பார்க்கப் போகிற ஆர்வம்.

ஆறு. ஆறரை. ஆள் இல்லை.

6:45. ஆனந்தராஜ் அண்ணன் எழுந்தார். "அந்தம்மா வரலன்னா டீச்சர் பேரை அடிச்சிரு. ஆறு பேரா மாத்து." டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினார்.

டீச்சர் தன் கையிலிருந்த ப்ராக் படத்தைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

7:09. போன் வந்தது. உண்ணாமலை அம்மா.

"எங்கம்மா இருக்கீங்க?" கத்தினேன்.

"பக்கத்துலதான் தம்பி..."

"இன்சூரன்ஸ்ல வேற கையெழுத்துப் போடணும். கட்டாயம் அது. அங்க ஏதாவது ஆனா உடம்பை ஊருக்குக் கொண்டாறது வரைக்கும் அதுலதான்."

"எனக்கு எதுக்கு தம்பி? அவங்களுக்குப் போடுங்க."

நான் பதில் சொல்வதற்குள் டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் போய் நின்றார். இருபத்தைந்து நிமிடம் பேசினார். கடிகாரம், எலும்புக்கூடு, ரோமாபுரி. நடுவில் சிரிப்பு. மூன்று மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நல்ல மனுசி தம்பி. தனியாக் கெடக்கப் பயமா இருக்குதாம். ராத்திரி பூரா பக்கத்துல யாராச்சும் வேணும்ங்குறாங்க. நான்தான் இருக்கேன்லன்னு சொன்னேன்."

"பாஸ்போர்ட்?"

"நேரா என் வீட்டுக்கே வர்றாங்களாம். நாளைக்குச் சேர்ந்தே ரயிலுக்கு வந்துடுறோம். எனக்கு லொகேஷன் அனுப்பத் தெரியாது. நீங்க அவங்களுக்கு அனுப்பி விடுங்க."

அனுப்பினேன். 7:38. நான்தான் அனுப்பினேன். என் விரலால். எட்டாவது ஃபைல் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அனுப்பிய நொடியே நீல டிக் விழுந்தது.

7:40. டீச்சர் ஆட்டோ பிடித்துப் போனார்.

8:05. போட்டோ இன்னும் சரியில்லை. ஃபைலைப் புரட்டினேன். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் உண்ணாமலை அம்மாவின் அண்ணன் மகன் முனியசாமியின் நம்பர். அந்தம்மாவுக்கு நல்ல போட்டோ எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்று அடித்தேன்.

"எந்த உண்ணாமலை?" என்றார்.

"உங்க அத்தைங்க. ஐரோப்பா டூர்..."

"அத்தை தவறி இன்னையோட மூணு வாரம் ஆச்சுங்க. டூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டோம்."

"இப்பத்தான் பேசுனாங்க. இதே நம்பர்லேர்ந்து."

"விளையாடாதீங்க. அந்த போன் பீரோவுல சார்ஜ் இல்லாமக் கெடக்கு."

அவர் தொடர்ந்து பேசினார்.

"சனிக்கிழமை போனாங்க. சனிக்கிழமை போனா தனியாப் போகாது, தொணை தேடும், கோழி கட்டி அனுப்பணும்னு எங்க ஆத்தா ஒரே அழுகை. எரிவாயு தகன மேடையில கோழியெல்லாம் உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. நாங்களும் விட்டுட்டோம். ஏன் கேக்குறீங்க?"

டீச்சருக்கு அடித்தேன். பிஸி.

மறுபடி. பிஸி.

பைக்கை எடுத்தேன். 8:31. மாலையீடு. டீச்சர் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. விளக்கு எரிந்தது. டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு. இடைவெளி. பேச்சு. இடைவெளியில் குரல் எதுவும் இல்லை.

ஒரு சத்தம் மட்டும்.

ர்ர்ர்ர்...

கதவைத் தட்டினேன்.

"யாரு? தம்பியா? என்ன இந்நேரம்?"

"கதவைத் தெறங்க டீச்சர். அவங்க வந்துட்டாங்களா?"

"வந்து படுத்துட்டாங்க. பாவம், பல்லு வலி போல. தலையைச் சுத்திக் கட்டுப் போட்டிருக்காங்க."

"டீச்சர்... அந்தம்மா உயிரோட இல்ல. செத்து மூணு வாரமாச்சு. வெளிய வாங்க!"

"தூங்காம வேலை பாத்து மூளை கலங்கிருச்சா ஒங்களுக்கு? அவங்க காதுல விழப்போகுது. போங்க. காலைல பேசுவோம்."

கதவை இடித்தேன். எதிர் வீட்டு விளக்கு எரிந்தது. "எவன்டா அவன், பொம்பள தனியா இருக்குற வீட்டுல?" என்று ஒரு குரல். இரண்டு பேர் கம்போடு வந்து என் சட்டையைப் பிடித்தார்கள்.

டீச்சர் உள்ளேயிருந்து சொன்னார். "ஒண்ணும் இல்லீங்க. தெரிஞ்ச தம்பிதான். போயிருவாரு. எனக்கென்ன பயம், கூட ஆள் இருக்கு."

டீச்சர் வீட்டு விளக்கு அணைந்தது. 9:04.

அவர்கள் என் சட்டையை விட்டார்கள்.

நான் போய்விட்டேன்.

ஞாயிறு காலை பால்காரர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கதவை உடைத்தார்கள். டீச்சர் கட்டிலின் ஒரு ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தார். இன்னொரு ஆளுக்கு இடம் விட்டதுபோல. பக்கத்துத் தலையணையில் தலை பதிந்த குழி. தொட்டால் சில்லென்று ஈரம். உள்ளே வேறு யாரும் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ராத்திரி பத்திலிருந்து பதினொன்றுக்குள்.

அப்படியென்றால் சனிக்கிழமைதான்.

திங்களன்று, எல்லோரும் கைரேகை வைக்க வேண்டிய நேரத்தில், நான் டீச்சர் வீட்டுக்குள் இருந்தேன். முதல்முறையாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஃப்ரீஸர் பாக்ஸ். தாடையிலிருந்து உச்சிக்கு வெள்ளைத் துணிக் கட்டு. நெற்றியில் பொட்டு அல்ல. ஒரு ரூபாய்க் காசு.

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ர்ர்ர்ர்...

டீச்சரின் தம்பியிடம் கோழி விஷயத்தைச் சொன்னேன். "நாங்க படிச்ச குடும்பம். எடத்தக் காலி பண்ணுங்க" என்றார்.

மார்க்கெட்டில் ஒரு கோழி வாங்கினேன். பைக்கில் சவ வண்டிக்குப் பின்னாலேயே போனேன். எரிவாயு மேடை வாசலில் காவலாளி மறித்தார்.

"கோழி உள்ள போகாதுப்பா."

"காலடியில வச்சுட்டு வந்துடுறேன்."

"ரூல் இல்ல."

"அண்ணே... அவங்க ஃபாரத்துல என் நம்பர்தான் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்?

வாசலிலிருந்தே பார்த்தேன். டீச்சரைத் தட்டில் வைத்துத் தள்ளினார்கள். பகல் 12:26. இரும்புக் கதவு இறங்கியது. ஒருவர் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டினார்.

கோழி என் கையில் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.