மேலோட்டமான வேலை

எங்கள் சோதனைக்கூடத்தை நடத்திய அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் மிளகாய். அவருக்கும் அது தெரியும். "காரம் பத்தலைன்னா சொல்லுங்கடா" என்பார். குடுவையைக் கழுவாமல் வைத்தவனையும், "பொம்பளைக்கு உலைப்பக்கம் என்ன வேலை" என்று கேட்டவனையும் ஒரே குரலில்தான் வறுத்தெடுப்பார். வீட்டுக்காரர் சுரங்கத் தொழிலாளி.

சுரங்கத்தில் தீப்பிடித்தால் மாட்டிக்கொண்டு தப்பி ஓடும் முகமூடிக்குள் அடைக்கிற கறுப்புத் துகளைத்தான் நாங்கள் செய்தோம். செம்பு ஆக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்த கலவை. புகையின் நச்சுவாயு அந்தத் துகளின் மேல்தோலில் பட்டுத்தான் முறியும். உள்ளே என்ன இருந்தாலும் மூச்சுக்கு உதவாது.

ஒருமுறை உலைச்சூடு எகிறிவிட்டது. அக்கா அந்தச் சரக்கின் வழியே நச்சுவாயுவைச் செலுத்திப் பார்த்தார். போனது போனபடியே வெளியே வந்தது. மேல்தோலைச் சோதித்தால் செம்பு பேருக்குத்தான் இருந்தது. மேலாளரோ துகளை அரைத்து, அமிலத்தில் கரைத்து, கலவை அளவு சரி என்றார்.

"மேலோட்டமா பாத்துட்டுப் பேசாதம்மா."

"இதுல மேலோட்டந்தான் சார் எல்லாமே. செம்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. அரைச்சுக் கரைச்சா அகப்படத்தான் செய்யும். சுரங்கத்துல மாட்டுனவன் அம்மி கொண்டுபோயா அரைப்பான்?"

"சாயங்காலம் லாரி வருது. மூட்டையக் கட்டச் சொல்லு."

"உங்க மாப்பிள்ளைக்கு இத மாட்டி இறக்குவீங்களா? என் வீட்டுக்காரர் இறங்குறாரு சார்!"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சிரித்துவிட்டு மேலாளர் போய்விட்டார்.

அந்தத் துகளுக்கு ஈரம் ஆகவே ஆகாது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் கிடங்குக்குள் விடமாட்டோம். அக்கா கழுவுமிடத்து ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போனார். குழாயைத் திறந்தவன் நான். யாரும் சொல்லவில்லை. மூட்டை மூட்டையாகக் கிழித்து நனைத்தார்.

மேலாளர் ஓடிவந்தார். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அளந்து பாருங்க சார். செம்பும் மாங்கனீசும் இம்மி குறையாது. ஏத்துங்க லாரில!"

லாரி காலியாகத் திரும்பியது. மறுநாள் காவலாளி அக்காவை வாசலிலேயே நிறுத்தினார். நல்ல சரக்கை வேண்டுமென்றே நாசம் செய்தார் என்று ஒரு தாள் தயாரித்து, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள்.

எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான். இந்தப் பொய்க்குப் போடவா என்னைப் படிக்க வைத்தார்கள்? தாளைத் தொடவில்லை. அக்காவை நிறுத்திய அதே வாசல் வழியே நானும் வெளியே நடந்தேன்.