கோயிலடியில் நின்ற மோட்டார்சைக்கிள்

வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கிற நேர்ஸ்மாருக்குப் பாதையும் நேரமும் போட்டுக் கொடுக்கும் தொழிலில் முதலில் கெடுவது நித்திரை. அடுத்துக் கெடுவது, மனிசர் மேலுள்ள நம்பிக்கை. இரவில் தனியே இருந்து நாளைய பயணத்தைப் போடுகிறவனுக்கு இன்றைய பயணத்தில் ஆயிரம் ஓட்டை தெரியும். இதே வேலையில் கிடந்து உழல்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அசையாத புள்ளி

தாழ்வுபாட்டு அந்தோனி அண்ணை கடற்றொழில்காரர். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் காற்புண் ஆறவில்லை. மருந்து கட்டுவது தவறினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்கு நான் போட்டது நேர்ஸ் பிலோமினாவை.

கந்தோர் மோட்டார்சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கணினியில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். அவளுடைய புள்ளி அண்ணையின் வீட்டை ஒருநாளும் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் கோயிலடியில் போய் நின்றது. வரைபடம் பார்க்க நானாகவே பழகினவன். பிழை என்னுடையதோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். விடிய, கந்தோருக்கு வந்தவளைக் கேட்டேன்.

"மருந்து கட்டிப்போட்டுத்தான் வாறன். மோட்டச்சைக்கிள் எங்க நிண்டா உங்களுக்கென்ன அண்ணை?"

சுகமான நோயாளி

சந்தேகம் சும்மா இருக்க விடுமா? ஒரு பின்னேரம் அண்ணையின் வீட்டுக்கே போன் எடுத்தேன். எடுத்தது மனைவி. பின்னால் கதிரை இழுபடும் சத்தம், தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம், கன பேரின் சிரிப்பு. நேர்ஸ் வந்தாவா, புண் எப்படி என்று கேட்டேன். ஊருக்கே கேட்கிற மாதிரிப் பதில் வந்தது.

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி!"

பின்வேலி

பிலோமினா அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை என்று அதோடு முடிவுக்கு வந்துவிட்டேன். பிலோமினாவைத் தாராபுரத்துக்கு மாற்றி, தாழ்வுபாட்டுக்கு வேறொரு நேர்ஸைப் போட்டேன். வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்திய அந்த நேர்ஸை, இறங்கவும் விடாமல் அண்ணையின் மனைவி திருப்பி அனுப்பிவிட்டா. புண் கட்டாமல் கிடந்தது. விஷயம் அறிந்து பிலோமினா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மகளுக்குச் சம்பந்தம் பேசுகினம். வாசலில நேர்ஸின்ர மோட்டச்சைக்கிள் நிண்டா 'சீனி வருத்தக் குடும்பம்' எண்டு ஊர் கதைக்கும். அதுதான் கோயிலடியில விட்டிட்டுப் பின்வேலியால போறனான். அந்தாளின்ர விரல் போனா நீங்களே குடுப்பியள்?"

தோட்டவெளிக் குரல்

அன்றைக்கே பாதையைப் பழையபடி போட்டேன். புண் ஆறத் தொடங்கியது, விரல் தப்பியது. அந்த ஆறுதல் அடங்குமுன் தோட்டவெளியிலிருந்து ஒரு பெரியவர் போன் எடுத்தார். அவருக்கும் காற்புண், வீட்டுக்கு நேர்ஸ் வேண்டுமாம். விலாசத்தைச் சொல்லி முடித்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மகனுக்குத் தாழ்வுபாட்டில பொம்பிளை பாத்திருக்கிறம். அந்தோனி எண்டு, நல்ல சுகதேகியான மனிசன்ர மகள். அவைக்கு என்ர கால் தெரியவேண்டாம். நேர்ஸ் பிள்ளையை மோட்டச்சைக்கிளைக் கோயிலடியில விட்டிட்டு வரச் சொல்லுங்கோ."

இப்போதெல்லாம் எந்தக் கோயிலடியில் புள்ளி நின்றாலும் நான் பிலோமினாவைச் சந்தேகிப்பதில்லை, பக்கத்தில் எந்த வீட்டில் கலியாணப் பேச்சு என்றுதான் யோசிக்கிறேன்.