வாங்க, உக்காருங்க

அம்மா டீச்சரானது, அறுவடைக் கூலிச் சண்டை நடந்த வருஷத்தில். ஆட்சி மாறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் மிராசுதார் மட்டும் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்களில் அப்பாவும் ஒருவர் என்பதால், அவரை வயலில் இறங்க விடவில்லை. மிராசுதார் வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அப்பாவை "வாடா, போடா" என்றுதான் கூப்பிடுவான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர் அம்மா. வெள்ளைக்காரர்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். முதல் நாள் பாடம் பிடித்தால்தான் வேலை என்று சொல்லியிருந்தார் தலைமை ஆசிரியையான துரைசாணி. அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

வகுப்பில் ஏழெட்டு தேசத்துப் பிள்ளைகள். துரைசாணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அம்மா நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து, கைகூப்பி, பக்தியோடு கத்தினார்கள்.

"வாடி! உக்காருடி!"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. துரைசாணியோ பெருமையாகத் தலையாட்டினார். பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் விடுதி ஆயா கொஞ்சிக் கொஞ்சிக் கொடுத்தது. பாவம், அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார்கள். திருத்தினால் துரைசாணிக்குத் தலைகுனிவு, விட்டால் தமிழுக்கு. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆயாம்மா உங்கள செல்லமா கூப்பிடுறாங்க, கண்ணுகளா. பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாது. வாங்க, உக்காருங்கன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?" என்று தமிழிலும் ஓட்டை இங்கிலீஷிலுமாகச் சொல்லி முடித்தார்.

அந்த 'ங்க' பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜன்னலில் உட்கார்ந்த காக்கையை "போங்க!" என்று விரட்டினான் ஒருவன். மத்தியானம் பூனையை "வாங்க, மீன் சாப்பிடுங்க" என்று உபசரித்தாள் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சாயங்காலம் துரைசாணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாக்கோடு மல்லுக்கட்டி, "நாளைக்கும் வாங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டது! நான் குதித்தேன்.

எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா, சைக்கிளோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். செம்பட்டை முடிக்காரி அவரைப் பார்த்துவிட்டாள். வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"வாங்க! உக்காருங்க!"

யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு அதற்குள் அக்குளுக்குப் போய்விட்டது. பின்னால் ஒருவருமில்லை, வாய்க்கால்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

திரும்பும்போது, சைக்கிளை மிதித்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் பாப்பா என்னயவா சொல்லுச்சு?"

"உங்களத்தாங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "என்ன சொல்லுச்சு?" என்றார். மதகடியில் இன்னொரு தடவை கேட்டார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. முன்னால் பாரில் உட்கார்ந்திருந்த நான் திரும்பி, அவர் காதருகே பலமாகக் கத்தினேன்.

"வாங்கன்னு சொல்லுச்சுப்பா!"