சரிவு முடிகிற இடம்

மிர்தெ ஹாபெட்ஸைப் பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொன்னவர் அவளைப் பெற்ற அப்பாதான். ஊர் அதற்குப் பிறகுதான் சொன்னது.

அப்பா ஹூப், நெதர்லாந்தின் தெற்கு மூலையில் லிம்பர்க் பக்கத்தில் பஸ் ஓட்டினார். தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய பிறகு, தோண்டி எறிந்த கசடு மட்டும் ஊருக்கு வெளியே பெரிய மேடாகக் கிடந்தது. நெதர்லாந்து மாதிரித் தட்டையான நாட்டில் அதுவே மலைதான். யாரோ ஒருவர் அந்த மேட்டின் சரிவுக்குக் கூரை போட்டு, சுவர் எழுப்பி, உள்ளே வருடம் முழுக்கப் பனி பொழியவைத்து, சறுக்க வரலாம் என்று விளம்பரம் செய்தார். ஹூப்புக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கப்பன் வெட்டிப் போட்ட மேடு. இப்ப அதுல பனி. எங்க வீட்டுக் கொல்லை மாதிரி," என்று பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. அன்று ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் எழுப்பி, ரொட்டியைக் கையில் திணித்து, அந்தப் பனிக் கூடத்துக்குக் காரில் கூட்டிப்போவார். சின்னப் பிள்ளைகளின் பயிற்சி முடியும்வரை கீழே கண்ணாடிக்குப் பின்னால் காப்பியோடு நிற்பார். பிறகு பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவார். மழையோ காய்ச்சலோ, ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் யாரும் அந்த மனிதரைத் திட்டக் கூடாது.

கூடத்துக்குள் காற்று கிடையாது. மூடுபனி கிடையாது. வெள்ளை விளக்கும், உணவகத்தில் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசமும்தான். உச்சியிலிருந்து கிளம்பினால் இருபது எண்ணுவதற்குள் சரிவு முடிந்துவிடும். கீழே சுவரை ஒட்டி நீல மெத்தை. எவ்வளவு வேகமாக வந்தாலும் மெத்தைக்கு முன்னால் கால்களைக் குறுக்கே திருப்பி நின்றாக வேண்டும். மறுபடி லிஃப்டில் ஏற வேண்டும். மறுபடி இருபது. மிர்தெ அப்படித்தான் வளர்ந்தாள்.

நிஜமான மலைக்குப் போக வருடத்தில் ஒரு விடுமுறை இருந்தது. பிப்ரவரியில் மற்றக் குடும்பங்கள் காரின் கூரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குக் கிளம்பும். ஆனால் அது ஊரே வேஷம் கட்டித் தெருவில் ஆடும் கார்னிவல் வாரம். ஹூப் ஊர் பேண்டில் டூபா என்ற பெரிய ஊதுகுழல் வாசிப்பவர். கூடத்துப் பயிற்சியாளர் எல்கே வருடம் தவறாமல் கேட்டுப் பார்த்தாள்.

"இந்த வருசமாவது பிள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போ, ஹூப்."

"கார்னிவலுக்கு ஊர விட்டு ஓடுறவன் லிம்பர்க்காரனா? பனி பனிதானே. அங்க என்ன சர்க்கரையா கொட்டுது?"

"அங்க சரிவு நீளம், ஹூப்."

"நீளத்துக்கு என்ன? இங்க ரெண்டு தடவ போனா அந்த நீளம் வந்துரப்போகுது."

மிர்தெக்கும் போக ஆசையில்லை. கார்னிவலில் அப்பா அவள் முகத்துக்குச் சாயம் பூசி, பேண்டுக்கு முன்னால் நடக்கவிடுவார். அந்த வாரத்தை எந்த மலைக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பதினேழு வயதுக்குள் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் கூரைக்கு அடியில் நடந்த போட்டிகளை எல்லாம் அவள் ஜெயித்துவிட்டாள். ஆஸ்திரியாவில் ஒரு மலையில் தேசிய இளைஞர் அணிக்குத் தேர்வு என்று அழைப்பு வந்தது. இரண்டே இடங்கள். கிளம்பும் அன்று பேண்ட் முழுவதும் வீட்டு வாசலுக்கு வந்து வாசித்தது. ஹூப்பின் கூட்டாளி ஷெங், டிரம்பெட்டை இறக்கிவிட்டு, "பொண்ணு, இடத்தோட வரலைன்னா ஊருக்குள்ள விடமாட்டோம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மிர்தெயும் சிரித்தாள்.

மலையில் முதல் ஓட்டத்தில் மேல்பாதியில் அவளை நெருங்க ஆளில்லை. கொடிக்கம்புகளுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு வந்தாள். பயம் துளிகூட இல்லை. திடீரென்று கால்கள் தாமாகவே குறுக்கே திரும்பின. பனி சிதற, நட்ட நடுச் சரிவில் நின்றுவிட்டாள். முன்னால் சுவருமில்லை, மெத்தையுமில்லை. வெறும் மலை நீண்டு கிடந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. மறுபடி கிளம்பிக் கீழே வந்தபோது நேரமெல்லாம் போயிருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் தெரிந்தது, தொடைகளில் ஒன்றும் மிச்சமில்லை. இருபது எண்ணுவதற்கு மேல் சறுக்கி அவை பழகியதே இல்லை. அடுத்த திருப்பத்தில் விழுந்து, ஓரத்துப் பாதுகாப்பு வலைவரை உருண்டாள்.

தூக்கிவிட்டவர் அந்த ஊர்ப் பயிற்சியாளர், வயதானவர். சறுக்குக் கட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கூரைக்குள்ள வளந்த பொண்ணா நீ?"

"ஆமா."

"கீழ என்ன இருக்கும்?"

"மெத்தை."

"அந்த மெத்தை உன் கால்லயே இருக்கும்மா. உன்ன மாதிரி முன்னாடியும் பாத்திருக்கேன். சின்ன வயசுலயே மலைக்கு வந்திருந்தா போயிருக்கும். இனிமே கஷ்டம்."

கூட வந்திருந்த ஹூப் திரும்பும்போது ஜெர்மனியை ஒரே மூச்சில் ஓட்டிக் கடந்தார். எல்லை தாண்டிய பிறகு சொன்னார்.

"பயந்துட்ட."

மிர்தெ அவர் பக்கம் திரும்பினாள். ஸ்டியரிங்கில் கைகள் இறுகியிருந்தன. இருட்டில் அவளை எழுப்பிய கைகள். பயமில்லை அப்பா, நீ கொடுத்த பனி ஹால்தான் என் காலைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், அந்த விடியற்காலைகள் எல்லாம் என்ன ஆகும்? கார்னிவல்கள் என்ன ஆகும்?

"ஆமாப்பா," என்றாள்.

அடுத்த கார்னிவலில், வருடா வருடம் மேடையில் வைக்கும் பீப்பாய்க்குள் நின்று ஊரைக் கிண்டல் செய்யும் முறை ஷெங்குக்கு வந்தது. அந்த மேடையில் யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். கோபித்துக்கொள்ளவும் கூடாது.

"நம்ம மிர்தெ ஆஸ்திரியாவுக்கு எதுக்குப் போனா தெரியுமா? பிரேக் புடிக்குதான்னு பாக்க. நல்லாப் புடிக்குதாம். அப்பன் பஸ்ஸுக்கு அத மாட்டலாம்."

மண்டபம் அதிர்ந்தது. மடியில் டூபாவோடு ஹூப்பும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். வீட்டுக்கு வந்து டூபாவை உறையில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அதைத் தொடவேயில்லை. எந்தக் கார்னிவலுக்காக மகளை மலைக்கு அனுப்பாமல் இருந்தாரோ, அதற்கும் அதன்பின் போகவில்லை. வருடா வருடம் அப்பாவும் மகளும் அந்த வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார்கள். தெருவில் பேண்ட் போகும்போது ஹூப் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

மிர்தெ அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடகைக் காலணிகளை வாங்கித் துடைத்து, உலர்த்தி அடுக்குகிற வேலை. ஊரார் கால் ஈரத்தில் அவள் வருடங்கள் போயின. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. இந்த அவமானத்தை எங்காவது இறக்கிவைக்க முடியுமா என்று அவள் தேடாத நாளில்லை. இறக்கிவைக்க ஒரே இடம் அப்பாதான். அங்கேதான் முடியாது.

ஹூப்புக்கு நுரையீரல் கெட்டுப்போய், முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஒருநாள் மாலை, சூப்பைப் பாதியில் தள்ளிவிட்டு மகளின் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ பயந்துட்டல்ல... ரொம்ப வருசம் உன்மேல ஆத்திரமா இருந்தேன்."

"தெரியும்ப்பா."

"இப்ப இல்ல. பயம் யாருக்குத்தான் இல்ல? மன்னிச்சுட்டேன் உன்ன."

இத்தனை வருடம் மனதுக்குள் அவள் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. ஒரே ஒருவராவது உண்மை தெரிந்து சாகட்டும் என்று ஒரு வெறி. அவர் முகத்தைப் பார்த்தாள். மன்னித்துவிட்ட நிம்மதியில் அது சின்னப் பிள்ளை முகம்போல் இருந்தது.

"சந்தோசம்ப்பா," என்றாள்.

"ஹால்ல பனி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்ல ஹால் அது. உனக்கு அது ஒரு குறையும் வைக்கல," என்றார் ஹூப். அவள் தலையாட்டினாள்.

அந்த வாரமே போய்விட்டார். அடக்கம் முடிந்து, காப்பியும், சாவுக்குச் செய்யும் கருப்பு ஃப்ளாய் என்ற பழக் கேக்குமாக மண்டபத்தில் கூடியிருந்தார்கள். மிர்தெ துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷெங் பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தான். கிழவனாகியிருந்தான். கண்ணில் தண்ணீர்.

"கடைசியா பாக்க வந்தப்ப உங்கப்பன் சொன்னான், பொண்ணு. உன்ன மன்னிச்சுட்டானாம்ல. அப்படி ஒரு அவமானத்துக்கப்புறம், பெரிய மனசு அவனுக்கு."

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் மிர்தெ. ஷெங்குக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.