இலை பறிக்கும் நேரத்தில் இணையம் கிடையாது

பச்சைத் தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போயிருந்த காலம். மலையில் கட்டபெட்டு ஊருக்குக் கீழே, பள்ளத்தில், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். வாரத்துக்கு மூன்று நாள்தான் இலை எடுப்போம் என்று ஃபேக்டரியில் கையை விரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்தை என் தலையில் கட்டிவிட்டுத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். போகும் முன் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினார். எங்கள் பள்ளத்துக்கு செல்போன் சிக்னல் எட்டாது. அவரோடு பேசவே வைஃபை வேண்டும். அவர் ஆதார் அட்டை எங்கோ தொலைந்திருந்ததால் அட்டை என்னுடையது, கையெழுத்து என்னுடையது. ரவுட்டர் மட்டும் அவர் பிடியில் இருந்தது.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. அது எனக்குத் தெரியும். ரவுட்டருக்கு உள்ளேயே போய், யாருக்கு இணையம், யாருக்கு இல்லை, எந்த நேரம் என்று தீர்மானிக்க இன்னொன்று. அது அவருக்கு மட்டும். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே எங்கள் வீட்டு ரவுட்டரை ஆட்டிவைப்பார். காலை பத்து மணிக்கு என் போனில் இணையம் நிற்கும், மாலை நான்கு மணிக்குத் திரும்பும். அது இலை பறிக்கும் நேரமாம். ஆட்களைப் பார்க்காமல் நான் போனை நோண்டிக்கொண்டிருப்பேனாம். ஃபேக்டரி இலை எடுக்காத நாளிலும் இதே கதைதான். அந்த நாளில் நான் தோட்டத்தில் யாரை மேய்ப்பது, காட்டெருமையையா?

நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லித்தரும் வேலை ஒன்று இருப்பது தெரிந்து விண்ணப்பித்தேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சோதனை வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், தேறினால் வேலை. பூட்டை எடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். வேலை கிடைக்கட்டும், அப்புறம் எடுக்கிறேன் என்றார். என்ன நியாயம் பாருங்கள். பக்கத்து வீட்டு டீச்சரக்காவிடம் லேப்டாப்பை இரவல் வாங்கினேன். அவர் பூட்டியது என் போனைத்தானே, இதை என்ன செய்துவிடுவார் என்று எனக்கு ஒரு மிதப்பு. பின்னத்தைப் பாதி விளக்கிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றது.

மூச்சு வாங்க மேலே பஸ் ஸ்டாப்புக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். திருப்பூருக்குக் கூப்பிட்டேன்.

"புதுசா என்னமோ ஒண்ணு நம்ம வைஃபைல சேந்துச்சுன்னு காட்டுச்சு புள்ள. எவனோ திருடறான்னு தட்டி உட்டேன்" என்றார், பெருமையாக.

"திருடனில்லீங்க, நான்தானுங்க. வகுப்பு எடுத்துட்டு இருந்தேன்."

"பதினோரு மணிக்குத் தோட்டத்துல இல்லாம ஊட்டுக்குள்ள என்ன வகுப்பு?"

அன்று இலை எடுக்காத நாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனைத் தேயிலைச் செடிக்குள் வீசியிருப்பேன். வீசினால் நஷ்டம் எனக்குத்தான். வேலை தருவதாகச் சொன்ன பெண்ணைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன், சொல்ல எனக்கென்ன வெட்கம். அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை தருகிறேன், அதுவும் பாதியில் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார். இனி வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை என்று அந்த பஸ் ஸ்டாப்பிலேயே முடிவு செய்தேன்.

வழி சொன்னது டீச்சரக்கா. ரவுட்டரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போட்டுவைத்த பூட்டெல்லாம் அழிந்து, வாங்கிய நாளில் இருந்தது போல ஆகிவிடும். ஆனால் மறுபடி இணையம் வர, இணைப்புக் கொடுத்தவரிடமிருந்து ஒரு பெயரும் எண்ணும் வாங்கிப் போட வேண்டும். மறுபடி பஸ் ஸ்டாப்புக்கு ஏறி அந்த ஆளைக் கூப்பிட்டேன்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரட்டுங்களாக்கா?"

"இணைப்பு யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க."

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க பேர்லதானுங்க."

"அப்புறம் எந்த அண்ணனைக் கேக்கப் போறீங்க?"

சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினேன்.

துளைக்குள் கொண்டை ஊசி போகவில்லை, ஈர்க்குச்சி ஒடிந்தது. கடைசியில் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். முள் எடுக்க, கொக்கி அறுந்தால் மாட்ட என்று எப்போதும் அங்கே தொங்கும் ஊக்கு. முனையை விட்டு அழுத்திப் பிடித்து இருபது வரை எண்ணினேன். விளக்கெல்லாம் அணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தது.

அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். முதல் வேலையாக அதை மாற்றினேன். வைஃபைக்கும் புதிதாக ஒன்று வைத்தேன். உள்ளங்கையில் இருந்த பெயரையும் எண்ணையும் போட்டதும் இணையம் வந்தது. வெளியூரிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி என்று ஒன்று இருந்தது, அதை மூடினேன். நேரப் பூட்டு இருந்த பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளர் டீ குடித்தேன்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "ரவுட்டரக் காணோம்னு வருது புள்ள."

"ரவுட்டர் இங்கதானுங்க இருக்குது. உங்களைத்தான் காணோம்."

சனிக்கிழமை ஒரு மணி நேரமும் அறுந்துபோகாமல் பின்னம் நடத்தினேன். வேலை கிடைத்தது.

தீபாவளி லீவுக்கு வந்தார். பையை இறக்கும் முன்பே வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னேன். அது போதவில்லை. பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் காலையில், ரவுட்டருக்குள் போகச் சத்தமில்லாமல் முயன்றுகொண்டிருந்தார். எங்கள் கல்யாண நாளைப் போட்டுப் பார்ப்பது அடுப்படி வரை தெரிந்தது; வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் தட்டுவார்.

"அந்தத் தேதியே தப்புங்க" என்றேன்.

போனைக் கீழே வைத்தார். "உள்ள போற பாஸ்வேர்டு என்னன்னு சொல்லு. எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"நானும் தினமும் காத்தால பத்து மணிக்கு அதையேதானுங்க நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "இன்னிக்கு இலை எடுக்கறாங்க, ஆளுங்க வந்தாச்சு. நீங்க போய்ப் பாருங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார், போனையும் எடுத்துக்கொண்டு.

அவர் போனுக்கு நான் எந்த நேரப் பூட்டும் போடவில்லை. போட இரண்டு நிமிடம் ஆகாது. அதையும் வாசலில் வைத்தே அவரிடம் சொல்லி அனுப்பினேன்.